நாலு பக்கம் கேட்டவள்

கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எவராவது அவர்களுக்குச் சும்மா உழைத்துக் கொடுத்துவிட்டால் போதும், உடனே ஒரு பனியன் அனுப்பிவிடுவார்கள். கண்ணாடிக்கடை அக்காவிடம் அப்படி ஒன்பது பனியன் சேர்ந்துவிட்டது. ஒன்பதும் ஆறடி ஆளுக்குத் தைத்தவை. அக்காவோ ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நாத்தனார் இரண்டைக் கிழித்துக் கடைக்குத் தரைத்துணி ஆக்கினாள். மீதியைப் போட்டுக்கொண்டு அக்காவின் வீட்டுக்காரர் ஸ்கூல் பஸ் ஓட்டினார். முதுகில் கொட்டை எழுத்தில் 'சேர்ந்து படைப்போம்' என்று இருக்கும். ஒரு மகளைத் தவிர அந்த மனிதர் யாரோடும் சேர்ந்து எதையும் படைத்ததில்லை.

அக்காவுக்குத் தொழில் மூக்குக்கண்ணாடி. டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் உட்கார வைக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி. அவர் திரும்பி வந்து கடையில் நின்று பேசுவது அக்காவுக்குத் தலைவலி. முன்பக்கம் கல்லாவில் நாத்தனார் உட்காருவாள், பின்னறையில் தேய்க்கிற மெஷினோடு அக்கா. பதினோரு வருடத்துக்கு முன்னால், கண் சீட்டுகளைச் சேர்த்து வைக்கலாமே என்று அக்கா ஒரு பழைய லேப்டாப் வாங்கினாள். அதில் இலவசமாகக் கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் சிஸ்டத்தைப் போட்டாள். எல்லாம் ஜோராக ஓடியது, உள்ளே இருக்கிற விசிறியைத் தவிர. அது ஒன்று செத்துக் கிடக்கும், இல்லாவிட்டால் மாவு மில் கணக்காக அலறும். கண் பார்க்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

விஷயம் இவ்வளவுதான். அந்த விசிறியை ஒரு குட்டி சிப் ஓட்டுகிறது. சிப்புக்குள் இருநூற்று ஐம்பத்தாறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். எந்த அறையில் எந்த எண்ணைப் போட்டால் விசிறி எப்படிச் சுற்றும் என்பது நாலு பக்கத்தில் அடங்கிவிடுகிற ஓர் அட்டவணை. மெஷின் செய்தவன் கையில் அது இருக்கும். அவன் தன் சொந்த சிஸ்டத்துக்கு மட்டும் எழுதிக்கொண்டு, மற்றவர்களை அம்போவென்று விட்டுவிடுவான். அக்கா கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள்: நாலு பக்கம், அவ்வளவுதான், மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்.' அக்கா அப்படியே உருகிப்போனாள். அது மெஷின் தானாகப் போட்ட பதில் என்று உறைக்க அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது.

அப்புறம் அவளே உட்கார்ந்தாள். ஒவ்வோர் அறையாக எண்ணை மாற்றிப் பார்த்து, எது எதற்கென்று குறித்துக்கொண்டே போனாள். வழியில் இரண்டு மெஷின்கள் பரலோகம் போயின. ஒன்றரை வருடத்தில் விசிறி சொன்ன பேச்சைக் கேட்டது. அந்த புரோகிராமையும் அட்டவணையையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்தாள். முகம் தெரியாத ஆட்கள் வந்து ஒட்டிக்கொண்டார்கள். ரொட்டி சுடுகிறவர் ஒருவர், கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். ஒருவர் தப்பை இன்னொருவர் திருத்தி, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி வேலை செய்வார்கள். கம்பெனி விற்ற மெஷின்கள் எத்தனையோ இவர்கள் புண்ணியத்தில் பொசுங்காமல் ஓடின. எந்தெந்த மாடல் ஒழுங்காக ஓடும் என்று அக்கா தன் இணையப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள், அதைப் பார்த்து ஜனங்கள் கடைக்குப் போய் வாங்கினார்கள். அக்கா மட்டும் வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள், நாலு பக்கம் கேட்டு. வருடத்துக்கு ஒரு பனியன் வந்தது. ஒரு வருடம் பனியனுக்குப் பதில் 'சமூகத்தின் தூண்' என்று பொறித்த கண்ணாடிப் பட்டயம் வந்தது. அதை விளிம்பு தேய்த்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, இந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தால்கூட ஒழுங்காகச் செய்திருப்பேன் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்படி இருக்கையில் கம்பெனி ஓப்பன் சோர்ஸ் ஆட்களோடு உறவாடுவதற்கென்றே ஓர் அதிகாரியைப் போட்டது. இருபத்தாறு வயது, தேன் ஒழுகும் குரல். நாத்தனார் அவனுக்கு 'உறவுக்காரத் தம்பி' என்று பெயர் வைத்தாள். கெட்ட பையன் இல்லை, அதுதான் வில்லங்கம். கெட்டவனாக இருந்தால் அக்கா ஜாக்கிரதையாக இருந்திருப்பாள். புது மாடல் வந்த வாரம் அவன் போன் செய்து, உள்ளே எல்லாம் பழைய சிப்தான் மேடம், வெளியே நிறம் மட்டும்தான் மாறியிருக்கிறது என்றான். பதினோரு வருடத்தில் கம்பெனியிலிருந்து ஒரு மனுஷக்குரல் அவளோடு பேசுவது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் அக்கா ஒரு காரியம் செய்தாள். கையால் தொட்டுப் பார்க்காத மெஷினைப் பட்டியலில் ஏற்றக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம். அதை அவளே மீறி, புது மாடலுக்கு எதிரே 'ஓடும்' என்று எழுதிவிட்டாள்.

ஆறு வாரம் கழித்து கடை வாசலில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் வந்து நின்றார். இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிற நர்சிங் பள்ளியின் முதல்வர். முதல்வரம்மா கண்ணாடிக்கு வரவில்லை. பட்டியலை நம்பி நாற்பது மெஷின் வாங்கி, இலவச சிஸ்டத்தைப் போட்டுவிட்டார். முக்கால் மணி நேரம் ஓடினால் அடுப்பாகக் கொதித்து, பொட்டென்று அணைந்துவிடுகின்றன. ஐந்து வாரத்தில் பிள்ளைகளுக்குப் பதிவுத் தேர்வு, அதுவும் அந்த மெஷின்களில்தான், மூன்று மணி நேரம். நடுவில் அணைந்தால் எழுதியது போச்சு. மறு தேர்வுக்கு ஒரு வருடம் காத்திருக்கவேண்டும், அதுவரை ஒருத்திக்கும் வேலை கிடையாது. பட்டியல் போட்ட ஆள் உலகத்தின் ஏதோ மூலையில் இருப்பார் என்று நினைத்தேன், விசாரித்தால் இங்கே பக்கத்திலேயே லென்ஸ் தேய்த்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்றார். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தம்பியைக் கூப்பிட்டு அக்கா கத்தோ கத்தென்று கத்தினாள். அவன் நிஜமாகவே பதறிப்போனான். பதினைந்து நாள் ஆபீசில் யார் யார் காலிலோ விழுந்து, கடைசியில் சாதித்துவிட்டேன் மேடம், புது சிப்பின் நாலு பக்கமும் வருகிறது என்றான். கூரியரில் தடித்த கவர் வந்தது. அரக்கு முத்திரை, 'ரகசியம்' என்று சிவப்பு மை. அதற்கு மேலே ஒட்டியிருந்த சீட்டில், இதைப் பிரிப்பவர் இதில் உள்ளதையும், இதை அறிந்தபின் தாம் எழுதும் எதையும் வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொள்கிறார் என இருந்தது.

அக்கா அந்தச் சீட்டை நாலு தடவை படித்தாள். நாற்பது மெஷினையும் இன்றைக்கே சரிசெய்யலாம். ஆனால் பிரித்த நிமிடத்திலிருந்து அவள் எழுதுகிற ஒவ்வொரு வரியையும், இது எங்கள் கவரிலிருந்து வந்தது என்று கம்பெனி வக்கீல் சொந்தம் கொண்டாடலாம். அப்புறம் அந்த புரோகிராமை எவனும் நிம்மதியாகத் தொட முடியாது. ரொட்டிக்காரர் எழுதியது, கப்பல்காரர் எழுதியது எல்லாம் அதில்தான் இருக்கிறது. தன் தப்புக்கு அடுத்தவன் உழைப்பை எப்படிப் பணயம் வைப்பது?

வீட்டில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வீட்டுக்காரர் ஆவி காட்டிப் பிரித்தால் முத்திரை தெரியாது என்றார். நாத்தனார் அதற்கும் ஒரு படி மேலே போனாள்.

"நீ பிரிக்கவேணாம்மா. நான் பிரிக்கறேன். நான் எதுக்கும் ஒத்துக்கல, எனக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது. நான் படிச்சிட்டு உனக்கு ஜாடை காட்டறேன்."

இருநூற்று ஐம்பத்தாறு அறைக்கும் ஜாடை எப்படிக் காட்டுவாள் என்று அக்கா கேட்கவில்லை; காட்டினாலும் காட்டுவாள். கவரைக் கொண்டுபோய் சோதனை லென்ஸ்கள் வைக்கிற பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்று வாரம்தான் பாக்கி. தேய்க்கிற மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் நினைப்பெல்லாம் அந்த நாற்பது மெஷினில்தான். ஒரே நாளில் இரண்டு லென்ஸ் பாழ்.

தனியாக உட்கார்ந்தால் மறுபடி ஒன்றரை வருடம் ஆகும். அக்கா நேரே நர்சிங் பள்ளிக்குப் போய் முதல்வரம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்: பட்டியலில் எழுதியது என் தப்பு, கவர் கையில் இருக்கிறது, பிரிக்கமாட்டேன், காரணம் இது. சிப்புக்குள் இருக்கிற எண்களை மாற்றத்தான் பயம், சும்மா படித்துக் குறிப்பதில் ஆபத்து இல்லை. சூடு ஏற ஏற எந்த அறையின் எண் மாறுகிறது என்று யாராவது விடாமல் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார ஆளுக்கு எங்கே போவது என்றாள். முதல்வரம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏம்மா, சூடு பார்த்துக் குறிக்கறதுக்குத்தானே நாங்க மூணு வருஷமா சொல்லிக்குடுக்கறோம்?"

அன்றைக்கு மத்தியானமே தொடங்கிவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு மெஷின், மெஷினுக்கு ஆறு அறை. மிச்சம் பதினாறை அக்கா எடுத்துக்கொண்டாள். நெற்றியில் காட்டுகிற வெப்பமானியில் பொருளின் சூட்டைக் காட்டவும் ஒரு பொத்தான் உண்டாம், அதை மெஷினின் அடிவயிற்றில் காட்டினார்கள். கால் மணிக்கு ஒரு தடவை, வார்டில் நோயாளிக்குப் போடுகிற அதே தாளில் பதிவு. நாடித்துடிப்புக் கட்டத்தில் விசிறியின் சத்தம். மலம், சிறுநீர் என்ற கட்டத்தை என்ன செய்வதென்று ஒருத்தி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். பெயர்: பதினேழாம் நம்பர். வயது: இரண்டு மாதம். நோய்: ஓயாத காய்ச்சல். நாற்பது மாணவிகளில் காலையில் இருபது பேர், மாலையில் இருபது பேர். மாறும்போது போகிறவள் வருகிறவளிடம் தாளை ஒப்படைத்து வாயாலும் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அக்காவின் இணையக் கூட்டாளிகளில் ஒருவர்கூட இத்தனை வருடத்தில் இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு எழுதியதில்லை. தாள்களைப் படம் பிடித்து அனுப்பியதும் கப்பல்காரர், இந்தப் பெண்களை எங்கே பிடித்தாய் என்று கேட்டு எழுதினார்.

ஒன்பதாம் நாள் ஒல்லியாக ஒரு பெண் ஐந்து தாள்களை மேஜையில் பரப்பினாள். காய்ச்சல் ஏறுவதெல்லாம் ஒயர் மாட்டின பேஷண்டுக்குத்தான், ஒயரைப் பிடுங்கினால் இறங்கிவிடுகிறது என்றாள். அக்கா தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவள் சொன்னது சரி. சார்ஜர் செருகினால் தொண்ணூற்று மூன்றாம் அறையின் எண் பூஜ்யமாகிவிடுகிறது, உடனே விசிறி அடங்கிவிடுகிறது. பழைய சிப்பில் அப்படி ஒன்றே கிடையாது. நிறம் மட்டும் மாறியிருக்கிறதாம், நிறம்.

ஒயர் இல்லாமல் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்காது, அதனால் இனி அந்த அறையில் ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தாக வேண்டும். தப்பினால் மெஷின் போய்விடும். மாணவிகளின் மெஷினில் கை வைக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. முதல்வரம்மா தன் மேஜையிலிருந்த சொந்த மெஷினைக் கொண்டுவந்து வைத்தார், அதுவும் அதே மாடல். அக்கா எண்ணைப் போட்டாள். இரண்டு விநாடி ஒன்றும் இல்லை. மூன்றாவது விநாடி விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது. ஒருத்தி ஓடிவந்து அடிவயிற்றில் வெப்பமானியைக் காட்டினாள். கால் மணி கழித்து மறுபடி காட்டி, இறங்குது என்றாள்.

அன்றே புது அட்டவணை இணையத்தில் ஏறியது, கண்டுபிடித்தவர்கள் என்று நாற்பது பேரின் பெயரோடும். ரொட்டிக்காரர் ஒரு தப்பைப் பிடித்துத் திருத்தினார். தேர்வு நாளில் மூன்று மணி நேரம் நாற்பது மெஷினும் ஓடின. அக்கா பள்ளிக்கூட வராந்தாவில் நின்று உள்ளே கேட்கிற விசிறிச் சத்தத்தை எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் அணையவில்லை.

இரண்டு நாள் கழித்து உறவுக்காரத் தம்பி கடைக்கு வந்தான். பிரிக்காத ரகசியத்தைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டுமாம். வாங்கும்போது அதிகாரி தன் கையால் பிரித்து, நாலு பக்கமும் இருக்கிறதா என்று எண்ணிப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டுமாம். அக்கா பெட்டியைத் திறந்து கவரைக் கொடுத்துவிட்டு, கண் சோதிக்கிற எழுத்துப் பலகை மாட்டிய சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். எண்ணி முடித்ததும் சொல்லு தம்பி, அதுவரைக்கும் திரும்பமாட்டேன் என்றாள்.

அரக்கு உடைகிற சத்தம் கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணினான். அப்புறம் தாள்களை முன்னும் பின்னும் புரட்டுகிற சத்தம். எந்த ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படாத நாத்தனார் கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, இதுல உன் பேரு போட்டிருக்கு."

"படிக்காதீங்க," என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே.

"அடியில உன் பேருதான். உன் கடை விலாசமும் இருக்கு. இந்தா, நாப்பத்தொண்ணாம் அறைக்கு எதிர்க்க என்ன எழுதியிருக்கு பாரு: 'இது எதற்கென்று எனக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும்.'"

அக்கா திரும்பிவிட்டாள். அவள் ஒன்பது வருடத்துக்கு முன்னால் இணையத்தில் போட்ட அட்டவணை. பழைய மாடலுக்கு உரியது. ஒரு கமா மாறவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் நெற்றியிலும் ரகசியம் என்று சிவப்பு முத்திரை.

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆபீசுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் யார் யாரிடமோ மாற்றி மாற்றிப் பேசினான். கேட்கக் கேட்க அவன் குரலில் தேன் வற்றிப்போனது. விசிறி சிப் செய்கிற குழுவையே கம்பெனி ஆறு வருடத்துக்கு முன்னால் கலைத்துவிட்டதாம். இப்போது சிப்பையும் அதை ஓட்டுகிற புரோகிராமையும் வெளியே எவனிடமோ வாங்கிப் பொருத்துகிறார்களாம், தாள் எவனிடமும் இல்லையாம். இவன் கேட்டுத் தொந்தரவு செய்ததால் கீழ்த்தளத்தில் ஒருவர் இணையத்தில் தேடிக் கிடைத்ததை அச்செடுத்து மேலே அனுப்பியிருக்கிறார். வக்கீல் பிரிவு அதைப் படிக்காமலே முத்திரை குத்தியிருக்கிறது. சர்வீஸ் சென்டர்களில் சுவரில் ஒட்டியிருப்பதும் அக்காவின் நாலு பக்கம்தானாம்.

பிரித்திருந்தால், அக்காவின் சொந்த உழைப்பே அவள் வெளியே சொல்லக்கூடாத ரகசியம் ஆகியிருக்கும். நாற்பது மெஷினும் கொதித்துக்கொண்டேதான் இருந்திருக்கும். அதை நினைத்ததும் அக்காவுக்கு அழுகை வந்தது. அவமானமும் இல்லை, துக்கமும் இல்லை, சுத்தமான ஆத்திரம்.

"அப்ப பதினோரு வருஷமா நான் யாருக்குய்யா லெட்டர் எழுதிக்கிட்டு இருந்தேன்?"

அந்தக் கடிதங்கள் போய் விழுகிற பெட்டியை யாருமே பார்த்ததில்லை மேடம் என்றான். வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதமாக அவன் பார்க்கிறான். அதற்கு முன்னால் பனியன் அனுப்புகிற ஆள் மட்டும் விலாசம் எடுக்கத் திறப்பாராம். சொல்லிவிட்டுக் கவரை மேஜையில் வைத்தான். படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை.

"நாங்க என்னதான் பண்ணணும், சொல்லுங்க. நான் போய் அங்க சண்டை போடறேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரிசா ஒண்ணும் வேணாம் தம்பி. கேட்டா பதில் சொல்றதுக்கு ஒரு ஆளைப் போடுங்க. தெரிஞ்சதை எல்லாருக்கும் பொதுவா, கவர் இல்லாம சொல்லட்டும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தையை மொத வருஷமே சொல்லியிருந்தா நான் உங்க வாசல்ல நிக்காம என் வேலையைப் பாத்துட்டுப் போயிருப்பேன். இப்பவே கேக்கறேன். இந்தப் புது சிப்புல மிச்சம் இருக்கற அறையெல்லாம் எதுக்கு?"

தம்பி மேஜையில் கிடந்த நாலு பக்கத்தையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"எங்களுக்குத் தெரியாதுங்க," என்றான்.

பதினோரு வருடத்தில் அந்தக் கம்பெனி அவளுக்குச் சொன்ன முதல் உண்மை அது. அக்கா பின்னறையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து போட்டு, அவனை உட்காரச் சொன்னாள்.